உயரம் 2,695 மீட்டர்தான்... உள்ளே இருக்கும் அதிசயங்கள் தெரியுமா?

எவரெஸ்ட் 8,849 மீட்டர். தெற்கே நமக்கு வாய்த்த ஆகப் பெரிய சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது! “மலைன்னா அது இமயமலைதான். நம்ம பக்கம் இருக்கிறதெல்லாம் குன்று” என்று வடக்கே டூர் போய்வந்த யாராவது அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். இதைப் படிக்கக் கொடுத்துவிடுங்கள், போதும்.

நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, ஏலமலை, பொதிகை என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி முழுக்க அதிசயம் மண்டிக்கிடக்கிறது. வயதா, மழையா, தவளையா, ஆடா, சூரியனா, இடியா? எதைத் தொட்டாலும் அடேயப்பாதான். உயரம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இவை பெரிய கை!

தொட்டபெட்டாவை முந்திய மூன்று மீட்டர்!

ஆனைமுடிக்கு அடுத்த இடம் தொட்டபெட்டாவுக்குத்தானே? அங்கேதான் ஏமாந்துபோகிறோம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். மூணாறு பக்கம் இருக்கிற மீசைப்புலிமலை 2,640 மீட்டர். வெறும் மூன்று மீட்டரில் ஊட்டிக்காரர்களிடமிருந்து இரண்டாம் இடம் பறிபோய்விட்டது! தமிழ்நாட்டின் உயரமான சிகரம் என்ற பட்டம் மட்டும் பத்திரமாகத் தொட்டபெட்டாவிடமே இருக்கிறது. அதில் காரிலேயே உச்சிவரை போகலாம், டெலஸ்கோப்பில் பார்க்கலாம், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி தின்னலாம். ஆனைமுடியில் அந்தக் கதையே நடக்காது. 1862-ல் டக்ளஸ் ஹாமில்டன் என்ற மதராஸ் ராணுவ அதிகாரி அதில் ஏறியதாகப் பதிவு இருக்கிறது. இன்றோ அது இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் பாதுகாப்பாக நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் கீழே இருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஊட்டிப் பாறையும் பரங்கிமலைப் பாறையும் உறவுக்காரர்கள்!

நீலகிரி பெரும்பாலும் சார்னகைட் என்ற கல்லால் ஆனது. வயது? சுமார் 250 கோடி ஆண்டுகள்! இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி இமயம் எழும்பத் தொடங்கியே 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. (மலையாக இது நிமிர்ந்தது பின்னால்தான். ஆனால் கல் அந்தக் காலத்துக் கல்!) பெயர் வந்த கதை இன்னும் ருசி. கல்கத்தா நகர வரலாற்றில் பெயர் பதித்த ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு ஒரு கருங்கல்லைப் பதித்தார்கள். அந்தக் கல் போனது எங்கிருந்து? நம் சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பக்கமிருந்து! 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்த வகைப் பாறைக்குக் கல்லறையில் தூங்குபவரின் பெயரையே வைத்துவிட்டார். விமானம் இறங்கும்போது மீனம்பாக்கத்தில் ஜன்னல் வழியே தெரிகிற அந்தக் குட்டி மலையும் தொட்டபெட்டாவும் ஒரே வகைக் கல்!

சொந்தக்காரர்களைக் கடலுக்கு அப்பால் வைத்திருக்கும் தவளை!

உப்பிய உடம்பு, பன்றி மாதிரிக் கூரிய மூக்கு, ஊதா நிறம். 2003-ல் இந்தத் தவளையைப் பற்றி அறிவியல் உலகுக்கு அறிவித்தபோது ஆய்வாளர்களே வாயடைத்துப் போனார்கள். ஏன் தெரியுமா? இதன் நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் எங்குமே இல்லை. ஏறக்குறைய 3,000 கி.மீ. கடல் தாண்டி, செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள்! தவளை நீந்தியா போயிருக்கும்? இல்லை. தரைதான் நகர்ந்தது. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த டைனோசர் காலத்திலேயே இந்தக் குடும்பம் இருந்திருக்கிறது. நிலம் பிளந்தது, குடும்பமும் பிரிந்தது. வருடம் முழுக்க மண்ணுக்கடியில் கறையான் தின்று கிடக்கும் இந்த ஆசாமி, முதல் மழைக்குச் சில நாட்கள் மட்டும் இணை தேடி வெளியே வருவார்.

அதோடு முடியவில்லை. 2017-ல் இதன் தம்பி ஒருவர், மலையின் கிழக்குச் சரிவில், நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் அகப்பட்டார்! மேற்கே இருப்பவர் தென்மேற்குப் பருவமழைக்கு எழுந்திருப்பார், இவரோ வடகிழக்குப் பருவமழைக்குத்தான் கண் விழிப்பார். பொதிகைக் காட்டில் களப்பணியின்போது உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை இந்தத் தவளைக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

காலைத் தூக்கி ஆடும் காதலர்கள்!

பேரிரைச்சலோடு பாயும் ஓடைக்கு நடுவே கத்தினால் யாருக்குக் கேட்கும்? அதனால் சில குட்டித் தவளைகள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டன. பாறைமேல் நின்று பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்து ஆட்டிக் காட்டும். ‘இங்கே இருக்கேன், வா’ என்று இணைக்கு அழைப்பு, ‘என் இடம் இது, போ’ என்று எதிராளிக்கு எச்சரிக்கை! இந்த ‘டான்ஸிங்’ தவளைகளில் ஒரே ஆய்வில் 14 புதிய இனங்களை 2014-ல் அறிவித்தார்கள். எத்தனையோ தலைமுறையாக மனிதர் நடமாடும் மலையில், ஒரே மூச்சில் 14!

வரையாடு, வெள்ளாட்டுச் சொந்தமே இல்லையாம்!

தமிழ்நாட்டின் மாநில விலங்கு எது என்று கேட்டால் வரையாடு என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். செங்குத்துப் பாறையில் ஈர்ப்பு விசையே இல்லாததுபோல் நடக்கிற அந்த வீரரை இமயமலை வரையாட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2005-ல் மரபணுவைப் பிரித்துப் பார்த்தார்கள். போச்சு! இது வெள்ளாட்டு வகையறாவைவிடச் செம்மறிக்குத்தான் நெருக்கம். உடனே பழைய பேரினத்திலிருந்து பெயர் நீக்கம், இதற்கென்றே தனிப் பேரினம். அந்தப் பேரினத்தில் உலகத்திலேயே இருப்பது இது ஒன்று மட்டும்தான்!

கோவைக்குக் காற்று வரும் ஜன்னல்!

குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் சுவரில் ஒரே ஒரு பெரிய ஓட்டை, பாலக்காட்டுக் கணவாய். அகலம் 30 முதல் 40 கி.மீ. ஜூன் பிறந்தால் கோவையில் துணி காயப்போட முடியாதபடி அடிக்கிற காற்று இந்த வழியாகத்தான் வருகிறது. உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் இதே வேலையைச் செய்ய, முப்பந்தலில் காற்றாலைகள் காடாக முளைத்துவிட்டன.

மனிதருக்கு வழியாக இருப்பதே மற்றவர்களுக்கு வேலியாகிவிட்டது! குளிர்ந்த சோலைக்காட்டைவிட்டு இறங்காத ஒரு குட்டி நீலப் பறவை இருக்கிறது. கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனம், தெற்கே ஆனைமலை, பழனியில் வேறோர் இனம். பறக்கத் தெரிந்த பறவைதான், ஆனால் நடுவில் இருக்கும் வெக்கையான சமவெளியைத் தாண்ட மனசே வரவில்லை. பல லட்சம் ஆண்டுகளாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சுவார்த்தை இல்லாமல் இரண்டு இனமாகவே ஆகிவிட்டன!

60 கிலோமீட்டருக்குள் இரண்டு உலகம்!

மூணாறில் குடையை மடக்க முடியாத மழை, ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கும் மேல். அங்கிருந்து மறையூர் வழியாக உடுமலைச் சாலையில் இறங்குங்கள். 60 கி.மீ. தாண்டுவதற்குள் சின்னார். அங்கே ஆண்டு மழை 500 மி.மீ. அளவுதான்! கள்ளி, முள்மரம், நட்சத்திர ஆமை, சாம்பல் மலை அணில்... கேரளத்துக்குள்தான் நிற்கிறோமா என்று சந்தேகமே வந்துவிடும். எல்லாம் ஆனைமுடிக் கூட்டம் பண்ணுகிற வேலை. மேற்கே இருந்து வரும் மேகத்தைத் தடுத்து, பிழிந்து, வெறும் காற்றாக அனுப்பிவிடுகிறது. வழியில் மறையூரில் சந்தனக் காட்டையும் பெருங்கற்காலத்து முனியறைகளையும் பார்க்க மறக்காதீர்கள்.

பிழிகிற மழை எவ்வளவு இருக்கும்? 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. சென்னைக்கு ஒரு வருடத்தில் சராசரியாகக் கிடைப்பதே 1,400 மி.மீ. அளவுதான். பாதி வருடத்து மழை, ஒரே நாளில்!

புல்வெளி காலி இடமில்லை, 20,000 வருடத்துப் பழசு!

நீலகிரி உச்சியில் ஒரு வேடிக்கை. மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலை, மேடுகளில் வெறும் புல். மரத்தை யாரோ வெட்டிவிட்டதால்தான் புல் முளைத்தது என்று ஆங்கிலேயர் நினைத்தார்கள். ‘சும்மா கிடக்கிற’ இடத்தில் தைல மரம், சீகை, பைன் என்று நட்டுத் தள்ளினார்கள். நிஜம் வேறு! டிசம்பர், ஜனவரியில் இரவில் உறைபனி விழுகிறது. திறந்த மேட்டில் முளைக்கும் சோலை மரக் கன்று அதில் கருகிப்போகும். புல் தாங்கும். நீலகிரிச் சதுப்புகளின் கரி மண்ணைத் தோண்டி ஆராய்ந்தபோது, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்தது தெரியவந்தது. ஊட்டியும் ஊர்களும் வருவதற்கு எவ்வளவோ முன்னால்! இந்தப் புல்லும் சோலையும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுமெதுவாக விடுவதால்தான் கோடையிலும் ஓடைகள் ஓடுகின்றன. பவானித் தண்ணீர் குடிப்பவர்கள் அந்தப் புல்லுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அந்தப் புல்வெளி ஓரமாகவே இன்னொரு ஆச்சரியம். ரத்தச் சிவப்பில் பூக்கும் காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான். இதன் சொந்தங்கள் இமயத்தில் இருக்கின்றன, நடுவே 2,000 கி.மீ.க்கு ஆளே இல்லை! குளிர்ந்த காலங்களில் நடுவிலுள்ள மலைகள் வழியாக இறங்கி வந்து, வெப்பம் திரும்பியதும் உச்சியில் மாட்டிக்கொண்டவை இவை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

பஞ்சம் கட்டிய சூரியக் கோயில்!

கொடைக்கானலில் சூரியனைப் பார்க்க ஆய்வகம் வைக்கும் எண்ணம் எப்படி வந்தது? பஞ்சத்தால்! 1876-78 பெரும் பஞ்சம் மதராஸ் மாகாணத்தைச் சுருட்டிப் போட்டது. மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நடக்கும் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற தேடல்தான், 1899-ல் கொடைக்கானல் ஆய்வகமாக முடிந்தது. மழைக் கணக்கு அவர்கள் எதிர்பார்த்தபடி கைக்கு வரவில்லை. வேறொன்று சிக்கியது! 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதை அங்கேதான் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் அதை ‘எவர்ஷெட் விளைவு’ என்றே சொல்கிறது. நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து அடுக்கி வைத்திருக்கும் ஆல்பம் நம் கொடைக்கானலில்!

மலைச்சரிவையே கருவியாக்கிய மூளை!

ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970-லிருந்து நிற்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவின் கைவண்ணம். இதற்காக மலை மலையாகத் தேடி, வடக்கு-தெற்காகச் சுமார் 11 டிகிரி சரிந்த ஒரு சரிவைப் பிடித்தார்கள். ஏன் 11? அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவேதான்! அந்தச் சரிவில் படுக்கவைத்தாலே தொலைநோக்கியின் நீளம் பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் ஒரே ஒரு திருப்பு திருப்பினால் போதும், ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். வேறு நாட்டில் கோடிகளைக் கொட்டிச் செய்ய வேண்டியதை, நம் மலை சும்மா கொடுத்துவிட்டது!

130 கோடி வோல்ட் இடி!

அதே ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் விண்ணிலிருந்து வரும் மியூவான் துகள்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஒரு பெரிய இடிமேகம் கடந்தபோது துகள் எண்ணிக்கை திடீரெனக் குறைந்தது. எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் இவ்வளவு குறையும் என்று திருப்பிக் கணக்குப் போட்டார்கள். விடை, 1.3 கிகாவோல்ட். அதாவது 130 கோடி வோல்ட்! அதுவரை மேகத்துக்குள் பலூன் அனுப்பி அளந்ததைப்போலப் பத்து மடங்கு. இடிமேகத்துக்குள் இவ்வளவு அழுத்தம் இருக்கலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920-களில் சொல்லிவைத்தது, 2019-ல் வெளியான ஊட்டிக் கணக்கால் மெய்யானது!

பின்னால் நின்று தள்ளும் இன்ஜின், மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளம்!

மேட்டுப்பாளையம் 326 மீட்டர். ஊட்டி 2,203 மீட்டர். நடுவே 46 கி.மீ., 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. ஏறும்போது இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும்! 1899-ல் குன்னூரைத் தொட்ட ரயில், ஊட்டியைத் தொட 1908 ஆனது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

மூணாறில் ரயில் ஓடியது தெரியுமா? 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டியை மாடுகள் இழுத்தன! 1908-ல் அது நிஜ ரயிலானது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே நம் போடி பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924-ன் பெருவெள்ளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. ரயில் போன பின்னும் டாப் ஸ்டேஷன் மட்டும் ஊர்ப் பெயராக மிஞ்சியது!

காட்டையே கல்லறைச் சின்னமாக்கியவர்!

ஆனைமலைத் தேக்கை வெட்டி, டாப்ஸ்லிப் சரிவில் உருட்டிவிட்டு, கப்பல் கட்டவும் தண்டவாளக் கட்டைக்கும் அனுப்பி மலையை மொட்டையடித்த காலம் அது. அப்போது வந்த வன அதிகாரி ஹ்யூகோ வுட், கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, சட்டைப்பையிலிருந்து தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். 1933-ல் இறந்தவரை அவர் விருப்பப்படியே தேக்கு மரங்களுக்கு நடுவே புதைத்தார்கள். நினைவுச்சின்னம் தேடினால் சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி கல்லறைமேல் இருக்கிறது.

களைப்பே தெரியாத காணிகள்!

1987-ல் பொதிகை மலைக் காட்டில் விஞ்ஞானிகள் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி வந்த காணி இளைஞர்களுக்கோ களைப்பே இல்லை. போகிற வழியில் ஏதோ ஒரு காயைப் பறித்து மென்றுகொண்டே இருந்தார்கள். என்ன அது? ஆரோக்கியப்பச்சை! அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகமே இன்றும் பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சட்டுப்புட்டென்று இன்னும் ஐந்து!

• நீலகிரியின் முக்கூர்த்தி சிகரம் தோடர் மக்களுக்கு மறு உலகின் வாசல். இறந்தவரின் ஆன்மாவும் எருமையின் ஆன்மாவும் சேர்ந்தே அங்கிருந்து புறப்படும் என்பது அவர்கள் நம்பிக்கை.

• இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் எது? நீலகிரி, 1986!

• அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, வைகைப் பக்கம் திருப்பியது 1895-ல். அதைச் செய்துகாட்டிய பென்னிகுவிக்கின் படத்தைத் தேனிக்காரர்கள் வீட்டில் மாட்டுவது சும்மா இல்லை!

• 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலை உச்சியில் 1850-களிலேயே ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. நடத்தியவர் திருவனந்தபுரம் வான் ஆய்வகத்தின் ஜான் ஆலன் ப்ரௌன்.

• 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. இரவிகுளமும் முக்கூர்த்தியும் அதில் உண்டு.

உங்கள் வயது எத்தனை குறிஞ்சி?

12 வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒரே சமயத்தில் மலை முழுக்க நீலமாகப் பூத்து, விதை போட்டுவிட்டு மொத்தமாகச் செத்துப்போகும் செடி நீலக்குறிஞ்சி. தின்ன வருபவை தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதையை ஒரேயடியாகக் கொட்டினால் கொஞ்சமாவது பிழைக்கும் என்பதே இதன் சூட்சுமம் என்று கருதுகிறார்கள். கொடைக்கானலில் முருகனுக்குக் குறிஞ்சி ஆண்டவர் என்றே கோயில் இருக்கிறது. 1936-ல் அதைக் கட்டியவர், ஈழத்துத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, ஆஸ்திரேலியாவில் பிறந்த லீலாவதி அம்மையார்!

இந்தப் பூவை வைத்தே மலைவாசிகள் வயதைக் கணக்கிட்டார்கள் என்பார்கள். நாமும் போட்டுப் பார்ப்போமா? 1994, 2006, 2018 என்று பூத்தது. 36 வயதுக்காரருக்கு மூன்று குறிஞ்சி, 60 தொட்ட தாத்தாவுக்கு ஐந்து. அடுத்த பூ 2030-ல். ஊட்டிக்கும் கொடைக்கும் இப்போது இ-பாஸ் வேறு வேண்டும், ஆகவே முன்கூட்டியே திட்டம் போடுங்கள். கண் குளிரப் பார்க்கலாம், கை வலிக்கப் படம் எடுக்கலாம். பறித்தால் மட்டும் வனச் சட்டம் பாயும், ஜாக்கிரதை!